வேருக்குள் வளரும் குட்டி மரம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் செடி மண்ணிலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுப்பது பற்றி ஒரு பதில் எழுதும்போது, "பல செடிகளில் அந்த வேலையை வேர் செய்வதே இல்லை, வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சைதான் செய்கிறது" என்று போகிறபோக்கில் ஒரு வரி சொல்லிவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டு மீதிக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: வேரில் பூஞ்சை என்றாலே எங்களுக்கு வேரழுகல்தான் ஞாபகம் வருகிறது. அது எப்படி நல்லதாகும்? நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன், பஞ்சு மாதிரியோ வெள்ளையாகவோ எதுவும் தெரியவில்லையே?

பதில்: தெரியாது. வேர் பார்ப்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கும், ஏனென்றால் விஷயமெல்லாம் வேரின் உள்ளே நடக்கிறது. அழுகல் பூஞ்சை செல்லைக் கொன்று தின்னும். இது அப்படியல்ல, உயிரோடு இருக்கும் செல்லின் சுவரைத் தாண்டி உள்ளே போகும், ஆனால் உள்ளிருக்கும் சவ்வைக் கிழிக்காது. பலூனில் விரலை அழுத்தினால் பலூன் வெடிக்காமல் விரலைச் சுற்றி உள்ளே குழிகிறதே, அந்த மாதிரி சவ்வும் பூஞ்சையைச் சுற்றி வளைந்துகொடுக்கும். அந்த இடத்தில் பூஞ்சை இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்து பிரிந்து செல்லையே அடைத்துக்கொண்டு நிற்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் அச்சு அசல் ஒரு மரம். லத்தீனில் ஆர்பஸ்குலா என்றால் குட்டி மரம், அதிலிருந்துதான் ஆர்பஸ்க்யூல் என்ற பெயர் வந்தது.

பூஞ்சையும் வேரும் சேர்ந்த இந்த வாழ்க்கைக்கு மைக்கோரைசா என்று 1885-ல் பெயர் வைத்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க். கிரேக்கத்தில் பூஞ்சை, வேர் என்ற இரண்டு சொற்களை ஒட்டியதுதான் அது. நம் வேளாண் நூல்களில் வேர் உட்பூசணம் என்று இருக்கும், பேச்சில் வேம் (வி.ஏ.எம்.). அதன் ஆங்கிலப் பெயரில் முன்னால் இருந்த 'வி' எழுத்து, வேருக்குள் இவை உண்டாக்கும் கொழுப்புப் பைகளைக் குறித்தது. எல்லா இனமும் பை வைப்பதில்லை என்று தெரிந்த பிறகு ஆய்வாளர்கள் அதை விட்டுவிட்டு ஏ.எம். (ஆர்பஸ்குலர் மைக்கோரைசா) என்று மட்டும் எழுதுகிறார்கள். வேம் என்று சொல்வதில் தப்பொன்றும் இல்லை, நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் குழம்பியிருக்கிறீர்கள். இவை காளானாக மேலே வராது. பைன், ஓக் மரங்களின் அடியில் காளானாக முளைப்பது வேறு வகை. அது செல்லுக்குள் போகாமல் வேரின் மேல் உறை போட்டுக்கொள்ளும், தாவர இனங்களில் ஏறக்குறைய 2 சதவீதத்தில்தான் அது உண்டு. வேம் வகையோ நிலத்தில் வளரும் தாவர இனங்களில் 70 சதவீதத்துக்கும் மேல் இருக்கிறது.

கேள்வி: வேர் இருப்பதே சத்தை எடுக்கத்தானே? அப்புறம் பூஞ்சை எதற்கு?

பதில்: வேர் எடுக்கும். ஆனால் மணிச்சத்து விஷயத்தில் வேருக்கு ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. தழைச்சத்தில் (நைட்ரஜன்) நைட்ரேட்டாக இருப்பது தண்ணீரோடு கரைந்து, செடி நீரை உறிஞ்சும்போது தானாகவே வேர்ப்பக்கம் வந்துவிடும். மணிச்சத்து அப்படி நகராது, மண்ணிலுள்ள இரும்பு, அலுமினியம், சுண்ணாம்பு என்று எதையாவது பிடித்துக்கொண்டு கிடந்த இடத்திலேயே கிடக்கும். அதனால் வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் வரை இருப்பதை எடுத்து முடித்ததும், அங்கே ஒரு வெற்று வளையம் உண்டாகிவிடுகிறது. வளையத்துக்கு வெளியே மணிச்சத்து இருக்கிறது, ஆனால் அது உள்ளே வந்து சேர நாளாகும், செடியால் அதுவரை காத்திருக்க முடியாது.

பூஞ்சை இழை இந்த வளையத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் போகும். தடிமன் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரோமீட்டர்தான், மெல்லிய வேரோடு ஒப்பிட்டாலும் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதனால் வேர் எட்டிப் பார்க்கக்கூட முடியாத மண்துகள் இடுக்குகளில் அது நுழைந்துவிடும். செடியின் கணக்கிலும் இது மலிவு. ஒரு சென்டிமீட்டர் வேர் கட்டுவதற்கு ஆகும் உணவில் பூஞ்சை எத்தனையோ மடங்கு நீளத்துக்கு இழை விட்டுவிடும். இந்த இழைக்குள் குறுக்குச் சுவர்கள் கிடையாது, ஒரே நீளக் குழாய் மாதிரி. எடுத்த மணிச்சத்தைப் பூஞ்சை சங்கிலியாகக் கோத்து, அதாவது பாலிபாஸ்பேட்டாக்கி, அந்தக் குழாய் வழியாக வேருக்குக் கொண்டுவந்து, குட்டி மரத்தில் மறுபடி அவிழ்த்துத் தருகிறது. துத்தநாகம், தாமிரம், கொஞ்சம் தழைச்சத்தும் இதே வழியில் வரும்.

"வேர் செய்வதே இல்லை" என்று நான் எழுதியதற்கு ஆதாரம் கேட்டிருந்தார் ஒரு வாசகர், நியாயமான கேள்வி. 2003-ல் ஆஸ்திரேலியாவில் சாலி ஸ்மித்தும் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். பூஞ்சை இழை மட்டும் போகக்கூடிய, வேர் போக முடியாத ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கம் கதிரியக்க மணிச்சத்தை வைத்தார்கள். தக்காளியை எடுத்துக்கொண்டால், பூஞ்சை இருந்த செடியும் இல்லாத செடியும் வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. எடை போட்டுப் பார்க்கிறவர் "பூஞ்சையால் பலனில்லை" என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் கதிரியக்கத்தை அளந்தபோது, பூஞ்சை இருந்த செடிக்குள் போன மணிச்சத்து ஏறக்குறைய முழுவதும் பூஞ்சை வழியாகத்தான் போயிருந்தது. செடி தன் சொந்த வழியை ஓரங்கட்டிவிட்டு வேலையைப் பூஞ்சையிடம் கொடுத்திருந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான், வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் உள்ளே இவ்வளவு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது.

கேள்வி: நான் பள்ளி மாணவி. மண்ணுக்குள் இருட்டில் பூஞ்சைக்கு வேர் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

பதில்: வேர்தான் கூப்பிடுகிறது. இதைக் கண்டுபிடித்த விதம் உனக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்ட்ரைகா என்று ஒரு களை உண்டு. சோளம், மக்காச்சோளம் போன்ற பயிர்களின் வேரில் ஒட்டி உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி. அதன் விதை தூசி மாதிரி இருக்கும், பக்கத்தில் வேர் இருந்தால்தான் முளைக்கும். வேர் கசியவிடும் ஏதோ ஒன்றுதான் அதை எழுப்புகிறது என்று தேடி, 1966-ல் பருத்தி வேரின் கசிவிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஸ்ட்ரைகாவின் பெயரை வைத்தே அதற்கு ஸ்ட்ரைகால் என்று பெயரிட்டார்கள். அங்கேதான் புதிர். எதிரியை எழுப்பிவிடும் ஒரு பொருளைச் செடி ஏன் வேலை மெனக்கெட்டுத் தயாரித்து மண்ணில் விடவேண்டும்? பதில் கிடைக்க ஏறக்குறைய நாற்பது வருடம் ஆனது. 2005-ல் ஜப்பானில் அகியாமா குழுவினர், இந்த வகைப் பொருள் மிகமிகச் சிறிய அளவில் பட்டாலே வேம் பூஞ்சையின் இழை கிளைவிட்டுப் பரவத் தொடங்குகிறது என்று காட்டினார்கள். ஆக, அழைப்பு பூஞ்சைக்குத்தான். அந்த அழைப்பை ஒட்டுக்கேட்கக் கற்றுக்கொண்ட களைதான் ஸ்ட்ரைகா. மணிச்சத்துக் குறைவாக இருக்கும்போது பல செடிகள் இந்த அழைப்பை அதிகமாக விடுகின்றன என்பதையும் சேர்த்து வைத்துக்கொள், கீழே ஒரு பதிலில் இது தேவைப்படும்.

பூஞ்சையும் சும்மா வருவதில்லை, தன் பங்குக்குச் சில வேதிப்பொருட்களை அனுப்பி "வருவது நான்தான்" என்று தெரிவிக்கிறது. அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் வேரின் செல்கள் உள்ளே பாதை ஒதுக்கித் தருகின்றன. அவரைக் குடும்பத்துச் செடிகள் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவை வரவேற்பதற்கும் இதே ஏற்பாட்டின் பெரும்பகுதியைத்தான் பயன்படுத்துகின்றன. பூஞ்சையோடு இருந்த பழைய ஏற்பாட்டைப் பின்னால் வந்த பாக்டீரியாவுக்கும் செடி பயன்படுத்திக்கொண்டது.

கேள்வி: இவ்வளவும் பூஞ்சை சும்மா செய்யுமா? செடிக்கு இதில் நஷ்டம் உண்டா? ஏமாற்று வேலை நடக்காதா?

பதில்: சும்மா இல்லை. செடி ஒளிச்சேர்க்கையில் செய்யும் உணவில் 4 முதல் 20 சதவீதம் வரை பூஞ்சைக்குப் போகிறது. சர்க்கரை மட்டும்தான் போகிறது என்று நெடுநாள் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2017-ல் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள், கொழுப்பு அமிலங்களும் போகின்றன என்று காட்டின. இந்தப் பூஞ்சைகளின் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது, கொழுப்பு அமிலத்தைத் தொடக்கத்திலிருந்து உண்டாக்கத் தேவையான வழக்கமான மரபணுவே அவற்றில் காணவில்லை. உடம்பு நிறையக் கொழுப்பைச் சேர்த்து வைக்கும் ஒரு உயிர், அதைத் தானே தயாரிக்க முடியாமல் செடியிடம் வாங்கிக்கொள்கிறது! செடி இல்லாமல் இதை ஆய்வகத் தட்டில் தனியாக வளர்க்க இத்தனை காலம் அவ்வளவு கஷ்டப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கேரட் வேரைத் தட்டில் உயிரோடு வைத்து அதில்தான் வளர்த்து வந்தார்கள்.

ஏமாற்று பற்றி: செடி கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை. 2007-ல் ஒரு சோதனையில், பூஞ்சை தரும் மணிச்சத்தை உள்ளே வாங்கும் புரதம் இல்லாத செடிகளைப் பார்த்தார்கள். அவற்றில் குட்டி மரங்கள் முழுதாக வளரும் முன்பே சிதைந்துபோயின. மணிச்சத்து வரவில்லை என்றால் இடமும் இல்லை. நல்ல நிலையிலும் ஒரு குட்டி மரம் சில நாட்கள்தான் இருக்கும், பிறகு செல்லே அதைக் கலைத்துவிட்டு மறுபடி புதிதாக இடம் தரும். டோபி கியர்ஸ் குழுவினர் 2011-ல், அதிகம் தரும் பூஞ்சைக்குச் செடி அதிக உணவும், அதிக உணவு தரும் வேருக்குப் பூஞ்சை அதிக மணிச்சத்தும் தருவதைக் காட்டினார்கள்.

நஷ்டமும் உண்டு. வெளிச்சம் குறைந்த இடத்தில், அல்லது மணிச்சத்து ஏற்கெனவே தாராளமாக இருக்கும் மண்ணில், கொடுப்பது அதிகமாகி வாங்குவது குறைந்து செடி கொஞ்சம் சிறுத்துப்போகலாம். முழு ஏமாற்றும் இயற்கையில் இருக்கிறது, ஆனால் அங்கே ஏமாற்றுவது செடி. வொய்ரியா என்ற வெப்பமண்டலக் காட்டுச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பச்சையமே இல்லை. பக்கத்து மரங்கள் பூஞ்சைக்குக் கொடுத்த உணவைப் பூஞ்சையிடமிருந்து எடுத்துக்கொண்டு அவை பூத்துவிட்டுப் போகின்றன.

கேள்வி: வேம் பாக்கெட் வாங்கிப் போடலாமா? இரண்டு முறை போட்டேன், ஒரு வித்தியாசமும் இல்லை. பொருள் போலியா?

பதில்: இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது, கடைசிக் கடிதத்தில் கோபமும் இருந்தது. பொருள் மோசமாக இருந்திருக்கலாம். உயிருள்ள வித்து (ஸ்போர்) குறைவாக இருப்பதும், வெயிலில் கிடந்து செத்துப்போயிருப்பதும் நடக்கக்கூடியவை, சந்தைப் பொருட்களைச் சோதித்தவர்கள் வேரில் குடியேறவே செய்யாத பலவற்றைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பொருள் நல்லதாகவே இருந்தாலும் வித்தியாசம் தெரியாமல் போகப் பல வழி உண்டு.

முதலில் மணிச்சத்தைப் பாருங்கள். மணிச்சத்துக் குறைவாக இருந்தால் செடி அழைப்பை அதிகமாக விடும் என்று மாணவிக்கு மேலே சொன்னேன் அல்லவா, சூப்பர் பாஸ்பேட், டி.ஏ.பி. போன்ற மணிச்சத்து உரங்களை வருடா வருடம் போட்டு வந்த மண்ணில் அந்த அழைப்பு குறைந்துவிடும், அங்கே பாக்கெட்டைக் கொட்டி என்ன ஆகும்? வேம் போடும் அதே குழியில் அடியுரமாக மணிச்சத்தையும் நிறைய வைப்பவர்கள், ஒரு கையால் கதவைத் திறந்து மறு கையால் சாத்துகிறார்கள். இதை நான் மன்றாடியே கேட்கிறேன்: மண் பரிசோதனை செய்யாமல் மணிச்சத்து போடாதீர்கள்.

அடுத்து, மண்ணில் ஏற்கெனவே இருப்பவை. செடி முளைத்து வளர்ந்துகொண்டிருக்கும் எந்த மண்ணிலும் பெரும்பாலும் உள்ளூர் வேம் இருக்கும். புதிதாக வந்தது அவற்றோடு போட்டி போடவேண்டும். சுவிட்சர்லாந்தில் 54 மக்காச்சோள வயல்களில் வேம் போட்டுப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது. சில வயல்களில் வளர்ச்சி 40 சதவீதம் வரை கூடியது, சிலவற்றில் 12 சதவீதம் வரை குறைந்தது. எந்த வயலில் பலன் தரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல மிகவும் உதவியது, மண்ணில் இருந்த நோய்ப்பூஞ்சைகளின் நிலவரம். நோய்ப்பூஞ்சை நிறைய இருந்த வயல்களில்தான் வேம் நன்றாக உதவியது. ஆக, பக்கத்து வயலில் பலன் தந்ததை வைத்து உங்கள் வயலுக்கு முடிவெடுக்க முடியாது.

எங்கே போட்டால் நிச்சயம் பிரயோசனம் உண்டு என்று கேட்டால், மண்ணில் பூஞ்சையே இல்லாத இடங்களைச் சொல்வேன். வேகவைத்த அல்லது மண்ணே கலக்காத நாற்றங்கால் கலவை, திசு வளர்ப்பில் வந்த கன்று, மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்ட சுரங்க நிலம், இப்படி. போடும்போது மேலே தூவாமல் வேர் தொடும் இடத்தில் வையுங்கள், நாற்றுப் பருவத்திலேயே வைப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

மற்றவர்கள் காசைச் செலவழிக்கும் முன் இருப்பதைக் காப்பாற்றப் பாருங்கள். ஆழமான உழவு ஒவ்வொரு முறையும் இழைவலையை அறுத்துப்போடுகிறது. கனடாவில் மக்காச்சோளத்தில் நடந்த ஆய்வுகளில், மண்ணைக் கலைக்காத இடத்தில் இளம் பயிர் பழைய இழைவலையோடு சேர்ந்துகொண்டு சீக்கிரமே அதிக மணிச்சத்து எடுத்தது. நிலத்தை நெடுநாள் வெறுமனே தரிசாகப் போட்டாலும், உணவு தரும் வேர் இல்லாமல் பூஞ்சை குறைந்துவிடும். ஆஸ்திரேலியாவில் நீண்ட தரிசுக்குப் பிறகு பயிர் காரணமில்லாமல் வெளுத்துக் குட்டையாகிக்கொண்டிருந்ததற்கு இதுதான் காரணமாக இருந்தது. மண்ணில் ஊற்றும் பூஞ்சைக்கொல்லியிலும் கவனம் வேண்டும். பெனோமில் என்ற மருந்தை, வயலில் வேம் இல்லாத நிலையை உண்டாக்குவதற்கென்றே ஆய்வாளர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

கேள்வி: முட்டைக்கோஸ், முள்ளங்கிக்கு எவ்வளவு போடவேண்டும்?

பதில்: போடவே வேண்டாம். கடுகுக் குடும்பத்துச் செடிகள் இந்தக் கூட்டுறவைக் கைவிட்டவை. பீட்ரூட், பாலக்கீரைக்கும் அப்படியே. வெங்காயம், சோளம், மக்காச்சோளம், பயறு வகைகள் எல்லாம் நன்றாகச் சேரும். வெங்காயத்தின் வேர் தடிப்பு, வேர்த்தூவியும் குறைவு, அதனால் அதற்குப் பூஞ்சை ரொம்பவே தேவை.

கேள்வி: மரங்கள் பூஞ்சை வலை வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, தாய் மரம் குட்டிக்கு ஊட்டுகிறது என்று காணொளியில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: ஒரே பூஞ்சை ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளின் வேரில் இருக்கமுடியும் என்பது உண்மை. அசுவினி தாக்கிய அவரைச் செடியிலிருந்து, வேம் இழையால் மட்டும் இணைந்திருந்த பக்கத்துச் செடிக்கு எச்சரிக்கை போனதாக 2013-ல் பிரிட்டனில் ஒரு ஆய்வு காட்டியது, அதுவும் கவனமாகச் செய்ததுதான். ஆனால் அதிலிருந்து "தாய் மரம் ஊட்டுகிறது" என்பதற்குத் தாவுவது எனக்கு ஏற்பில்லை. அந்தப் பேச்சுக்கு அடிப்படையான 1997-ம் வருட ஆய்வு பிர்ச், டக்ளஸ் ஃபர் மரங்களில், அதாவது உறை போடும் அந்த இன்னொரு வகைப் பூஞ்சையோடு நடந்தது. காட்டில் நடந்த ஆய்வுகளை 2023-ல் மூன்று ஆய்வாளர்கள் மறுபடி அலசி, இந்தப் பெரிய முடிவுகளுக்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். அவர்களும் இதே துறையில் பல வருடம் உழைத்தவர்கள். பூஞ்சையைச் செடிகளுக்கிடையே கிடக்கும் வெறும் கம்பியாக நினைப்பதுதான் இந்தக் கதைகளில் என்னை உறுத்துகிறது. அதுவும் ஒரு உயிர், அதற்கும் பசி இருக்கிறது, கிடைத்ததை யாருக்கு, எவ்வளவு கொடுப்பது என்பதில் அதற்கும் பங்கு உண்டு.

கேள்வி: பள்ளி ஆய்வகத்தில் மாணவர்களுக்கு இதைக் காட்ட வழி உண்டா?

பதில்: உண்டு. மெல்லிய வேர்களைக் கழுவி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி நிறத்தை நீக்கி, நன்றாக அலசுங்கள். இது தோலையும் கண்ணையும் பொசுக்கும், ஆசிரியர் மட்டும் கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யட்டும். பிறகு வினிகரில் 5 சதவீதம் பேனா மை கலந்து அதில் மூன்று நிமிடம் கொதிக்கவைத்து, சில சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் ஊறவையுங்கள். எல்லா மையும் சரியாக ஏறாது, இரண்டு மூன்று மை வைத்துப் பாருங்கள். வெங்காய வேர் எடுத்தால் எளிது.

கேள்வி: வேர் முதலில் வந்ததா, வேர்ப்பூஞ்சை முதலில் வந்ததா?

பதில்: விளையாட்டாகக் கேட்டிருந்தாலும் இதற்கு நேரான பதில் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில், வெந்நீர் ஊற்றின் சிலிக்கா படிந்து ஒரு சதுப்பு நிலமே கல்லாகிப்போன இடம் ஒன்று உண்டு. வயது சுமார் 40 கோடி வருடம். செல் செல்லாகப் பார்க்கும் அளவுக்கு எல்லாம் அப்படியே இருக்கிறது. அங்கே கிடைத்த அக்லோஃபைட்டான் என்ற செடிக்குள் குட்டி மரங்கள் இருப்பதை 1994-ல் படத்தோடு வெளியிட்டார்கள். இன்று வெங்காய வேரில் தெரிகிற அதே உருவம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இதே கூட்டத்துப் பூஞ்சைகளுடையவை போன்ற வித்துகள் சுமார் 46 கோடி வருடத்துப் பாறையில் கிடைத்திருக்கின்றன. அக்லோஃபைட்டானில் பூஞ்சை இருந்தது தண்டில்தான். அந்தச் செடிக்கு வேரே கிடையாது.